படைப் பயிற்சிக்குப் போகும் பெண்களுக்கு: கொண்டையா, பாப் கட்டா, கிராப்பா?

சிங்கப்பூர் ஆயுதப்படையின் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது மூட்டை சுமந்து நடக்கும் ரூட் மார்ச்சைப் பற்றியோ ஐபிபிடி என்கிற உடற்தகுதித் தேர்வைப் பற்றியோ இல்லை. "அக்கா, முடியை வெட்டிக்கிட்டுப் போகணுமா?" என்பதுதான். அடுத்த வரியிலேயே "அம்மா வெட்டவே கூடாதுங்கிறாங்க" என்று வரும். படையில் இருந்தவள் என்று தெரிந்தால் போதும், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில்கூட இதையே கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டதால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் இங்கே ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறேன்.

## முதலில், விதி

தேசிய சேவை ஆண்களுக்குத்தான் கட்டாயம், நாம் விருப்பப்பட்டுப் போகிறோம். அடிப்படைப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் பையன்களுக்கு விழும் அந்த ஒட்ட வெட்டு பெண்களுக்கு இல்லை. இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு மூச்சு வரும்.

சீருடையில் இருக்கும்போது முடி விரிந்து தொங்கக் கூடாது, நீளமாக இருந்தால் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும், முகத்தில் வந்து விழக் கூடாது, தொப்பி சரியாக உட்கார வேண்டும், நிறம் இயற்கையாக இருக்க வேண்டும். சுருக்கம் இவ்வளவுதான். இத்தனை சென்டிமீட்டர், இந்த நிற ஹேர்பின் என்கிற நுணுக்கமெல்லாம் பிரிவுக்குப் பிரிவு மாறும், உங்கள் கடிதத்தோடு வரும் தாளில் இருப்பதே கடைசி வார்த்தை. அதைப் படிக்காமல் என்னைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று. யூடியூபில் அமெரிக்க வீராங்கனைகள் சீருடையில் குதிரைவாலைத் தொங்கவிட்டு நடப்பதைப் பார்த்துவிட்டு "அங்கே விடுறாங்களே" என்று வருகிறார்கள். அங்கே விட்டதே சமீபத்தில்தான். அமெரிக்கத் தரைப்படை 2021-ல்தான் பெண்களுக்குக் குறைந்தபட்ச முடி நீளம் என்ற விதியை எடுத்தது, அதே வருடம் மே மாதம் குதிரைவாலுக்கும் அனுமதி கொடுத்தது. அவர்களின் விமானப்படையும் அதே ஆண்டு பின்னலுக்கும் குதிரைவாலுக்கும் வழிவிட்டது. இறுக்கிக் கட்டிய கொண்டையால் தலைவலி வருகிறது, நெற்றியோர முடி கொட்டுகிறது, ஹெல்மெட் சரியாக உட்காரவில்லை என்று பெண்கள் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி நடந்த மாற்றம் அது. ஊரிலிருந்து சித்தி ஃபோன் போட்டு, சென்னை பரங்கிமலை ராணுவ அகாடமியில் இப்படியாம் அப்படியாம் என்பார். அங்கே 1992 முதல் பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள், அந்த வழக்கம் அந்த இடத்துக்கு. நீங்கள் போவது தெக்கோங்குக்கும், ஜூரோங்கில் இருக்கும் சாஃப்டி ராணுவப் பயிற்சிக் கழகத்துக்கும்.

ஆக நீளமாக வைத்துக் கட்டினாலும் விதிக்குள்தான், கழுத்துக்கு மேலே வெட்டினாலும் விதிக்குள்தான். விதியை வைத்து முடிவெடுக்க முடியாது என்பதால் மற்றதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

காலை நேரம். எழுந்து, பல் விளக்கி, படுக்கையை மடிப்புக் கலையாமல் சரிசெய்து, கீழே வரிசையில் போய் நிற்கும்வரை கிடைக்கும் நிமிடங்களில் தலைக்கு எவ்வளவு கொடுக்க முடியும்? வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பின்னுகிற கணக்கு இங்கே உதவாது. கண்ணாடிக்கும் ஆள் வரிசையில் நிற்கும்.

காய்வது. முக்கால்வாசிப் பேர் இதை யோசிப்பதே இல்லை, என் கணக்கில் இதுதான் பெரியது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல். தினமும் வியர்வையில் ஊறுகிற தலையைத் தினமும் அலசத்தான் வேண்டும், அலசுவது இராத்திரிதான் நடக்கும், மேலே சுற்றும் மின்விசிறி ஒன்றுதான் துணை. ஈரத்தோடு கட்டிப் படுத்தால் காலையில் கொண்டைக்குள் அப்படியே ஈரம் இருக்கும், அதன்மேல் ஹெல்மெட். ஒரு வாரத்தில் அரிப்பு, அப்புறம் பொடுகு, அதோடு துவைக்காத துணியைப் பைக்குள் வைத்து மறந்துபோனது போன்ற ஒரு வாடை. ஈர முடிக்கு வலுவும் குறைவு. இழுத்துக் கட்டினால் நடுவிலேயே அறுந்து, நெற்றியோரத்தில் சின்னச் சின்னதாக நிற்கும்.

ஹெல்மெட். இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

ஃபீல்ட் கேம்ப். காட்டில் தங்கிப் பயிற்சி எடுக்கும் அந்தப் பல நாளும் குளியல் கிடையாது, பவுடர்தான் குளியல். சேறு, முகத்தில் பூசும் கேமோ சாயம், இலை, எறும்பு, மழை.

அப்புறம் காசு. அதற்கும் அப்புறம் சீருடைக்கு வெளியே உள்ள உங்கள் வாழ்க்கை: வார இறுதி, கல்யாணம், அரங்கேற்றம், அம்மாவின் முகம்.

## இடுப்பு வரை முடி, தினமும் கொண்டை

இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. சலூன் செலவு இல்லை. வெளியே வந்ததும் நீங்கள் நீங்களாகவே இருப்பீர்கள். நீள முடி என்பதாலேயே அடங்கியும் நிற்கும், பாப் கட் மாதிரி காற்றுக்கு எழும்பாது. பழகிய கைக்குக் கண்ணாடியே வேண்டாம், இருட்டில் போட்டுவிடலாம்.

தொல்லை தொடங்குவது ஹெல்மெட்டில். குப்புறப் படுத்துச் சுடுகிற நிலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மார்பு தரையில், சார் 21 துப்பாக்கி தோளில், கழுத்தை நிமிர்த்தி அதன் மேலே இருக்கிற கண்ணாடி வழியாகக் குறி பார்க்க வேண்டும். கழுத்து நிமிர்ந்ததும் ஹெல்மெட்டின் பின்விளிம்பு கொண்டையில் போய் இடிக்கிறது. கொண்டை விட்டுக்கொடுக்காது. ஹெல்மெட்டுக்கு இருக்கிற ஒரே வழி முன்னால் சரிவதுதான், சரிந்து புருவத்தில் வந்து உட்காரும். தலையை இன்னும் தூக்கினால் அது இன்னும் இறங்கும். எதிரில் இருக்கும் இலக்கு தெரியாது, ஹெல்மெட்டின் விளிம்புதான் தெரியும், பின்னாலிருந்து சார்ஜெண்ட் ஏன் சுடவில்லை என்று கத்துவார். ஒரு கையால் ஹெல்மெட்டைத் தள்ளிவிட்டு, குறி பார்த்து, அது மறுபடி இறங்க, மறுபடி தள்ளி என்று மதியம் முழுக்கப் போகும்.

இதற்கு வழி இருக்கிறது. கொண்டையை உருண்டையாகப் போடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டுவோமே, அந்த இரட்டைச் சடையைப் போட்டு, இரண்டையும் பிடரியில் குறுக்கே கொண்டுவந்து ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகிவிடுங்கள். தட்டையாக உட்காரும். ஹெல்மெட் போடும் நாளில் இரும்பு ஹேர்பின் வேண்டாம். நாலு மணி நேரம் ஹெல்மெட் அழுத்தினால் அது மண்டையில் குத்தும் இடம் உங்களுக்குத் தனியாகத் தெரியும். மெல்லிய ரப்பர் பேண்டும் கொண்டை வலையும் போதும், ஹேர்பினை அணிவகுப்பு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடுப்பு வரை அடர்த்தியான முடி உள்ளவர்களுக்கு இந்தத் தட்டைச் சடையும் தடிமனாகத்தான் இருக்கும். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

மறைவான செலவு என்று பார்த்தால் அது நெற்றியோர முடி. தினமும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் கட்டிக்கொண்டே இருந்தால் வேர் தளரும். முதலில் வலி, அப்புறம் வேரைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள், அப்புறம் வகிடும் காதோரமும் அகலும். ஆரம்பத்திலேயே இறுக்கத்தை விட்டால் முடி திரும்பி வரும். வருடக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் உதவாது. கட்டும் இடத்தைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று மாற்றிக்கொண்டே இருங்கள், வார இறுதியில் தளர விட்டுவிடுங்கள்.

எண்ணெயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அம்மா கட்டாயம் ஒரு பாட்டில் பேராசூட்டைப் பையில் வைத்துவிடுவார். தேங்காயெண்ணெய் தடவினால் முடி படியும், அது உண்மை. ஆனால் உச்சி வெயிலில் அது உருகி, வியர்வையோடு கலந்து, நெற்றி வழியாகக் கேமோ சாயத்தையும் கூட்டிக்கொண்டு கண்ணுக்குள் இறங்கும். ஹெல்மெட்டின் உள்பட்டை எண்ணெய் குடித்தால் அந்த வாடை போகவே போகாது. வார நாளில் படிய வைக்க ஜெல், சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நல்லெண்ணெய். இரண்டையும் கலக்காதீர்கள்.

இந்த நீளம் யாருக்குச் சரி? முடி நீளமாக இருந்தாலும் மெல்லியதாக இருப்பவர்களுக்கு. சில வாரங்களே நீளும் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு; தொண்டூழியர் பிரிவில் சேருகிறவர்கள் இதில் வருவார்கள், அந்தக் கொஞ்ச நாளுக்காகப் பதினைந்து வருடம் வளர்த்ததை வெட்டுவது எனக்கு அர்த்தமாகத் தெரியவில்லை. பயிற்சி முடிந்ததும் அலுவலக வேலை என்று தெரிந்தவர்களுக்கும் சரி.

## தோளுக்குக் கீழே ஒரு சாண்

கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் பதில் இதுதான். தோளிலிருந்து ஒரு சாண் கீழே, அதாவது தோள்பட்டை எலும்பு வரை. கொண்டை போடப் போதும், ஆனால் கொண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு மேல் போகாது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு முடிப்பதற்குள் முக்கால்வாசி காய்ந்துவிடும். ஹெல்மெட் போடும் நாளில் உச்சியிலிருந்தே முடியை எடுத்து எடுத்துச் சேர்த்துப் பின்னும் ஃப்ரெஞ்ச் பின்னலைப் போட்டு, நுனியை உள்ளே மடித்துவிட்டால் பிடரியில் ஒன்றுமே இடிக்காது. ஒருநாள் போட்ட பின்னல் ஃபீல்ட் கேம்பில் இரண்டு நாள் தாங்கும், கலைந்தால்கூட அசிங்கமாகத் தெரியாது.

வார இறுதியில் சேலைக்கு ஒரு முழம் மல்லிகை வைக்கலாம். தேக்காச் சந்தையில் பூ வாங்கும் பெண்களில் எத்தனை பேர் திங்கட்கிழமை பூட்ஸ் போடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

குறை? ஃப்ரெஞ்ச் பின்னலை உங்கள் தலைக்கு நீங்களே போடக் கற்றுக்கொள்ள வேண்டும். பங்க்கில், அதாவது சேர்ந்து தங்கும் அறையில், யாராவது போட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள், ஐந்தரை மணிக்கு அவரவர் தலை அவரவருக்கு. போகும் முன் வீட்டில் தினமும் பழகுங்கள், கண்ணாடி இல்லாமல், மணி பார்த்துக்கொண்டு. ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் நீங்கள் தயார்.

## இரண்டுங்கெட்டான் நீளம்

இதைத் தனித் தலைப்பாகவே போடுகிறேன், ஏனென்றால் பயந்துபோய் நடுவில் வெட்டிக்கொள்ளும் பெண்கள் வந்து நிற்கும் இடம் இது. காலரைத் தொடும், ஆனால் கொண்டைக்குள் வராது. ரப்பர் பேண்டில் கட்டினால் பின்னால் ஒரு தூரிகை மாதிரி விறைத்து நிற்கும், கீழ்ப்பிடரி முடி மொத்தமும் நழுவிக் கீழே விழும், அதைப் பிடிக்க ஆறு டிக்டாக் கிளிப், நாலு ஹேர்பின், கையளவு ஜெல். ஓடி முடிக்கும்போது பாதி அவிழ்ந்திருக்கும். இந்த நீளத்தில் சேராதீர்கள். ஏற்கெனவே இந்த நீளத்தில் இருந்தால் ஒன்று வளர விடுங்கள், இல்லையென்றால் இன்னும் மேலே வெட்டுங்கள்.

## பாப் கட்

எல்லாரும் இதைத்தான் நடுவழி என்று நினைக்கிறார்கள். முழுக்க வெட்டிய மாதிரியும் இல்லை, கட்டவும் வேண்டாம், பார்க்கவும் அழகு, அம்மாவும் அரைமனதாக ஒத்துக்கொள்வார். என் அனுபவத்தில் நாலில் அதிகம் வேலை வாங்குவது இதுதான்.

காரணம் எளிது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் வளரும். காதுமடலுக்குக் கீழே ஒரு விரலளவில் வெட்டிக்கொண்டு போனால், இரண்டாவது மாதக் கடைசியில் அது காலரைத் தேடிப் போகும், அதாவது நேராக அந்த இரண்டுங்கெட்டான் நீளத்துக்கு. அதைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சலூனில் உட்கார வேண்டும். வெளியே விடுவதோ சனி, ஞாயிறு. அந்த ஒன்றரை நாளில் தூக்கம், துணி துவைப்பது, வீட்டுச் சாப்பாடு, இதற்கு நடுவில் சலூன் வரிசை. தண்டனையாக ஒரு வார இறுதி வெளியே விடவில்லையென்றால் கணக்கு மொத்தமும் தள்ளிப்போகும். அதிகாரி பயிற்சிப் பள்ளி மாதிரி ஏறத்தாழ 9 மாதம் ஓடும் பயிற்சியில் இதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, பாப் கட் கட்ட முடியாது என்பதே அதன் குறையும்கூட. புஷ் அப் எடுக்கும்போது இரண்டு பக்கமும் முன்னால் விழும். வாயில் போகும். நச்சுவாயு முகமூடி போட வேண்டிய பயிற்சியில் விளிம்புக்கு அடியில் நாலு முடி சிக்கினால் காற்று உள்ளே வரும், அதைக் கழற்றித் திரும்பப் போட வேண்டும். நம் ஆட்களில் பலருக்கு இருக்கும் அலை முடியில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் அது எந்தப் பக்கம் எழும்பி நிற்கும் என்று சொல்லவே முடியாது. என்னோடு ஒரே பங்க்கில் இருந்தவளுக்கு வலது பக்கம் மட்டும் சிறகு மாதிரி வெளியே விரியும். ஒவ்வொரு காலையும் அவள் அதற்குத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே படியிறங்குவாள்.

நேரான, மெல்லிய முடி இருந்து, பயிற்சி குறுகியதாக இருந்து, வீட்டுக்குப் பக்கத்திலேயே பழகிய சலூன் இருந்தால் பாப் நல்ல தேர்வு. ஏற்கெனவே வருடக்கணக்கில் பாப் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் தலை உங்களுக்குத் தெரியும்.

## கிராப்

பையன் வெட்டு, பிக்ஸி, எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். காதுக்கு மேலே, பிடரி வெளியே தெரிய.

பயிற்சியை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. துண்டால் இரண்டு தேய்ப்பு, காய்ந்துவிட்டது. ஹெல்மெட் தலையோடு உட்காரும். ஃபீல்ட் கேம்பில் ஈரத் துடைப்புத் தாளாலேயே உச்சந்தலையைத் துடைத்துக்கொள்ளலாம், அந்தச் சுகத்தை மூன்றாம் நாள் புரிந்துகொள்வீர்கள். காலையில் மற்றவர்கள் கொண்டையோடு மல்லுக்கட்டும்போது நீங்கள் இன்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம். சேர்ந்து தங்கும் இடத்தில் யார் தலையிலிருந்தாவது பேன் கிளம்பினாலும் தேடிப் பிடிப்பது சுலபம்.

செலவு வேறு இடத்தில் வரும். மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். ஆனால் பாப் கட் மாதிரி இதற்குத் தேர்ந்த கை தேவையில்லை, கடைத்தொகுதிகளில் இருக்கும் பத்து நிமிட வெட்டுக் கடையே போதும். வளர்ப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும்: கிராப்பிலிருந்து கொண்டை போடும் நீளத்துக்கு வர ஒன்றரை வருடமாவது ஆகும், நடுவில் அந்த இரண்டுங்கெட்டான் காலத்தைச் சீருடையிலேயே கடக்க வேண்டும். முகவெட்டு, காது, பிடரி எல்லாம் வெளியே தெரியும்போது உங்களுக்கே உங்களைப் பிடிக்கிறதா என்பதும் உண்டு. அதை யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது. பஸ்ஸில் பின்னாலிருந்து "தம்பி, கொஞ்சம் நகரு" என்று ஒரு பாட்டி சொல்வார், சிரித்துவிட்டு நகர வேண்டியதுதான்.

ஒரேயடியாக மொட்டை அடித்துவிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கேட்பது தப்பில்லை. 2003-ல் தொடங்கிய ஹேர் ஃபார் ஹோப் நிகழ்ச்சியில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்காக இங்கே பெண்களும் மொட்டை போட்டிருக்கிறார்கள், முருகனுக்கு வேண்டிக்கொண்டு போடுகிறவர்களும் உண்டு. ஆனால் சேரும் முன் உங்கள் பிரிவில் அதற்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெயிலில் மழித்த தலை பொசுங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## ரீபாண்டிங், கெரட்டின் பற்றி ஒரு வார்த்தை

முடியை நேராக்கும் இந்தச் சலூன் வேலைகளைச் சுருட்டை முடிக்காரிகள் கேட்பார்கள். இருநூறு வெள்ளி சுலபமாகக் கரையும். செய்த முதல் சில நாள் கட்டக் கூடாது, நனைக்கக் கூடாது என்பார்கள், சேருவதற்கு முந்தின வாரம் செய்தால் எல்லாம் வீண். தினமும் ஷாம்பூ போடும் தலையில் கெரட்டின் சீக்கிரம் கழுவிப் போய்விடும். ரீபாண்டிங் செய்த முடி வழுக்கும், கொண்டை நிற்காமல் நழுவும், வேரில் புதிதாகச் சுருண்டு வளரும் பகுதியும் நேரான பகுதியும் சேரும் இடத்தில் உடையும். உண்மையில் சுருட்டை முடிதான் கொண்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| | இடுப்பு வரை | தோளுக்குக் கீழே ஒரு சாண் | பாப் | கிராப் |
|---|---|---|---|---|
| காலையில் | 10–15 நிமிடம் | 5 நிமிடம் | 2 நிமிடம், படியாவிட்டால் 5 | சீப்பே வேண்டாம் |
| காய | இரவு முழுக்க | 2–3 மணி நேரம் | 1 மணி நேரம் | துண்டு போதும் |
| ஹெல்மெட் | தொல்லை | பின்னினால் சரி | சரி, முன்னால் விழும் | கவலையில்லை |
| ஃபீல்ட் கேம்ப் | கடினம் | சமாளிக்கலாம் | சுமார் | சுகம் |
| சலூன் | அநேகமாக இல்லை | 3 மாதத்துக்கு ஒருமுறை | 4–6 வாரம் | 3–4 வாரம் |
| ஒரு தடவைக்குச் செலவு | – | 15–30 வெள்ளி | 25–50 வெள்ளி | 10–15 வெள்ளி |
| மற்ற வாங்கல் | வலை, பேண்ட், ஜெல், நிறைய ஷாம்பூ | அதேதான், பாதி அளவு | கிளிப், ஜெல் | ஒன்றுமில்லை |

நிமிடமும் வெள்ளியும் என் கண்ணில் பட்டதை வைத்துப் போட்ட குத்துமதிப்பு, அடர்த்தியான முடிக்கு எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். வலை, ரப்பர் பேண்ட் எல்லாம் டைசோவிலோ முஸ்தஃபாவிலோ மலிவாகக் கிடைக்கும், இரண்டு மடங்காக வாங்குங்கள். அங்கே கடன் கொடுத்த ரப்பர் பேண்ட் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அட்டவணையில் வராத ஒன்று, ஆள். ஒரு வருடத்துக்குள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் கிராப் வேண்டாம், வருடத்துக்கு 12 முதல் 15 சென்டிமீட்டர்தான் வளரும், முகூர்த்தத்துக்குள் சடை வராது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் மட்டும் அவ்வளவு கவலைப்பட வேண்டாம், நீள முடிக்காரிகளே மேடைக்குச் சவுரி வைத்துத்தான் பின்னுகிறார்கள், ஒரு சாண் முடி இருந்தால் சவுரி நிற்கும். கடற்படைக்குப் போகிறவர்களுக்கு நீச்சல் குளத்துக் குளோரினும் உப்புக் காற்றும் சேரும், நீளம் குறையக் குறைய நல்லது. தரைப்படையில் அதிகாரியாகப் போகிறீர்கள், 9 மாதமும் காடும் பள்ளமும்தான் என்றால், அடர்த்தியான முடிக்காரிகளுக்கு நான் தயங்காமல் கிராப் என்பேன். மெல்லிய முடிக்காரிகளுக்கு ஒரு சாண்.

## அம்மாவும் பாட்டியும்

அம்மாவுக்கு வருத்தம் முடியைப் பற்றியது மட்டும் இல்லை, அது உங்களுக்கும் தெரியும். பெண் பிள்ளை துப்பாக்கி தூக்கப் போகிறாள் என்பதை ஏற்றுக்கொண்டாயிற்று, கடைசியாக மிச்சம் இருக்கிற சடையையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறார். அதனால் வெட்டிவிட்டு வந்து காட்டாதீர்கள். முன்கூட்டியே சொல்லுங்கள், முடிந்தால் சலூனுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வெட்டிய சடையைத் தூக்கிப் போடாமல் கையில் கொடுத்தால் அவரே பத்திரப்படுத்துவார், பின்னால் அதையே உங்களுக்குச் சவுரியாகக் கட்டித் தரவும் செய்வார்.

பாட்டி "நம்ம குடும்பத்துப் பொண்ணுங்க இப்படிச் செய்யறதில்ல" என்றால் 1943-ஐ நினைவுபடுத்துங்கள். நேதாஜி அமைத்த பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அந்த வருடம் அக்டோபரில் இதே சிங்கப்பூரில்தான் திறந்தது. தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னைப் பெண், சேர்ந்தவர்களில் பெரும் பகுதி மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். ரப்பர் பால் எடுத்த கைகள் துப்பாக்கி பிடித்தன, சீருடையும் தொப்பியும் போட்டு நம் தெருக்களில் அணிவகுத்தார்கள். உங்கள் பாட்டிக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் அக்கா அதில் இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள், பேச்சு முடியிலிருந்து வேறு எங்கோ போய்விடும், உங்களுக்கும் வேலை முடிந்தது.

## முடியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சில்லறை

மூக்குத்தி: பயிற்சியில் கழற்றியாக வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குத்திய துளை சில நாளிலேயே தூர்ந்துவிடும், ஆகவே சேருவதற்கு முன் ஆசைப்பட்டுக் குத்தாதீர்கள். பழைய துளைக்கு வார இறுதியில் போட்டு எடுத்தாலே போதும்.

மருதாணி: கைக்கு வைத்தால் சேரும் நாளுக்குள் அழியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு வைத்தால் வெயிலில் செம்பட்டையாக மின்னும், இயற்கை நிறமா என்று கேள்வி வரும்.

புருவம் திருத்திக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் நாளில் அதுவே உடைந்துகொள்ளும்.

## வெட்டுவதானால் எப்போது

சேருவதற்கு ஒரு மாதம் முன்னால். முந்தின நாள் வேண்டவே வேண்டாம். புது வெட்டு படிய இரண்டு வாரமாகும், பிடிக்கவில்லையென்றால் திருத்தவும் நேரம் இருக்கும். ஒரே வீச்சில் இடுப்பிலிருந்து கிராப்புக்குப் போகாமல் முதலில் ஒரு சாணுக்கு வெட்டி ஒரு வாரம் இருந்து பாருங்கள், அதிலேயே மனம் நின்றுவிட்டால் மீதியை வெட்ட வேண்டியதில்லை.

பிறகு வீட்டில் ஒரு சோதனை. சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணனுடைய மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் இன்னும் நல்லது, பின்விளிம்பு தாழ்வாக வரும். சாயங்காலம் கீழே திடலில் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு, தலையை அலசி, ஃபேனுக்கு அடியில் மட்டும் காயவிட்டுப் படுங்கள். ஹேர் டிரையரைத் தொடக் கூடாது. காலை ஐந்தரைக்கு அலாரம், கண்ணாடி இல்லாமல் கட்டி, ஹெல்மெட்டைப் போட்டு, ஹாலில் குப்புறப் படுத்து எதிர்ச் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பாருங்கள். மணி தெரிந்தால் அந்த நீளத்தோடு போகலாம். தெரியவில்லையென்றால் அன்றைக்கே சலூனுக்கு ஃபோன் போடுங்கள், சனிக்கிழமை கூட்டம் அதிகமாக இருக்கும்.